காயலான் கடை தள்ளுவதைக் கலை எடுக்கட்டும்

பாட்டில் மூடிகளை ஒட்டிச் செய்த மயில், பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிச் செய்த பூந்தொட்டி, பழைய டயரில் செய்த அன்னம். பள்ளிக் கண்காட்சியிலிருந்து மாநகராட்சிப் பூங்கா வரை இவை இப்போது எங்கும் நிற்கின்றன. பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள், செய்தித்தாளில் படம் வருகிறது. இந்தக் கலைமேல் எனக்குப் பெரிய பிரியம் உண்டு. அதனாலேயே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியவில்லை: இந்தப் பொருள் கலைக்கு வந்திராவிட்டால் வேறு எங்கே போயிருக்கும்? காயலான் கடைக்குப் போய், உருகி, மறுபடி ஒரு பொருளாகியிருக்கும் என்றால், கலை என்ற பெயரில் அதன் வழியை நாம் அடைத்திருக்கிறோம். எந்தக் கடையும் வாங்காமல் ஓடையிலோ காட்டிலோ கிடந்திருக்கும் என்றால், அந்தக் கலை உண்மையிலேயே ஒரு வேலை செய்திருக்கிறது. கழிவுக் கலையை எடைபோட இந்த ஒரு அளவுகோல் போதும் என்பது என் கட்சி. அழகு, புதுமை, உழைப்பு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஓர் இடத்தில் நின்று பேசுவது நல்லது. நான் எடுத்துக்கொள்வது பாலாறு. வேலூர், காஞ்சிபுரம் பக்கம் ஓடும் பாலாறு வேறு. இது மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், தமிழ்நாடும் கர்நாடகமும் தொட்டுக்கொள்ளும் இடம். அதே பெயருள்ள சிற்றாறு இங்கேதான் காவிரியில் சேர்கிறது. பழைய மைசூர் மாவட்டத்தில் இருந்த இதன் கர்நாடகப் பகுதி 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1956 வரை, அந்தப் பகுதி அடங்கிய கொள்ளேகால் வட்டம் முழுவதுமே கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் இங்கே தமிழும் கன்னடமும் கலந்தேதான் புழங்குகின்றன. 1993-ல் வீரப்பன் கூட்டம் வைத்த கண்ணிவெடியால் பாலாறு என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. இன்றைக்கு இந்த ஊரைப் பற்றி யோசிக்க வேறு காரணங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் 2013-ல் அறிவிக்கப்பட்ட, 900 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த மலை மாதேஸ்வரா வனவிலங்கு சரணாலயம். இன்னொரு பக்கம் மேட்டூர் அணையை நோக்கிப் போகும் காவிரி. நடுவே, இரண்டு மாநிலத்துப் பக்தர்களும் பயணிகளும் வந்து போகும் ஒரே ஒரு சாலை. இங்கே ஒருவர் எறிவது யானை நடக்கும் காட்டுக்குப் போகும், அல்லது சேலமும் ஈரோடும் நம்பியிருக்கும் தண்ணீருக்குப் போகும்.

இப்படிப்பட்ட சாலையோரத்தில் விழும் பொருள்களைக் காயலான் கடையின் கண்ணோடு பார்ப்போம். பீர் பாட்டிலுக்கு அங்கே விலை உண்டு; கழுவி மறுபடி நிரப்பலாம் என்பதால் உடையாத பாட்டிலை எண்ணி வாங்குவார்கள். தண்ணீர் பாட்டில் பெட் என்ற பிளாஸ்டிக். நசுக்கி மூட்டை கட்டினால் எடைக்கு விலை. அலுமினியத் திருகு மூடிக்கும், சேர்த்து வைத்தால் ஆள் கிடைப்பார்கள். சோடா மூடி என்று நாம் சொல்லும், விளிம்பு மடிந்த இரும்பு மூடியின் கதைதான் தனி. 1892-ல் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அப்போது 24 பல், இப்போது 21. உள்ளே முன்பு தக்கை இருந்தது, இப்போது மெல்லிய பிளாஸ்டிக் படலம். ஒன்றின் எடை ஏறத்தாழ 2 கிராம். ஒரு கிலோ சேர வேண்டுமென்றால் 400, 500 முறை குனிந்து நிமிர வேண்டும். அத்தனைக்கும் கிடைப்பது ஒரு கிலோ பழைய இரும்பின் விலை. குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஒருவர் அதை விட்டுவிட்டுப் போவது சோம்பலால் அல்ல, அவர் கணக்கு சரியாக இருப்பதால்தான். பாட்டில் கடைக்குப் போய்விடும். மூடி, திறந்த இடத்திலேயே மண்ணில் மிதிபட்டுத் துருப்பிடிக்கும். கலைக்கு உரிய பொருள் எது என்பதைக் காயலான் கடையே இப்படிக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

பிளாஸ்டிக் மூடியின் கணக்கு இதற்கு நேர் எதிர். தண்ணீர் பாட்டில் பெட்டால் ஆனது, மூடி பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீனால் ஆனது. இரண்டையும் அரைத்துத் தண்ணீரில் போட்டால் பெட் மூழ்கும், மூடி மிதக்கும். மறுசுழற்சி ஆலைகள் இந்த எளிய இயற்பியலை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கின்றன. அதாவது, மூடியைப் பாட்டிலோடு திருகிக் கொடுத்தால் அதற்கும் ஒரு மறுவாழ்வு உண்டு. அந்த மூடிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து, பெயின்ட் பூசி, பிளைவுட் பலகையில் பசை வைத்து ஒட்டிச் சுவரோவியம் செய்தால் என்ன ஆகிறது? மூடி, பெயின்ட், பசை, மரம் நான்கும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. வெயிலில் சில ஆண்டுகள் நின்றதும் பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்கத் தொடங்கும். பிறகு அதை எந்தக் கடையும் வாங்காது. விலை இருந்த பொருளை விலையில்லாததாக ஆக்கி, அதற்குக் குப்பை மேலாண்மை என்று பெயர் வைத்திருக்கிறோம். செய்தவர்களின் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. பொருளின் அடுத்த பயணத்தை யாரும் விசாரிக்கவில்லை என்பதுதான் குறை.

விலையில்லாததற்கு விலை உண்டாக்கிய வேலைக்கு உதாரணம் வேண்டுமா? வெகுதூரம் போக வேண்டாம், பாலாற்றுக்கு மேலே இருக்கும் மலையிலேயே இருக்கிறது. உண்ணிச்செடியை எல்லோருக்கும் தெரியும். மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து, வேலியோரம் மண்டிக் கிடக்கும். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்தது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 1,54,000 சதுர கிலோமீட்டர் அளவுக்கு அது பரவியிருப்பதாகச் சொல்கிறது. ஆடுமாடுகளுக்கு அது நஞ்சு. அது மண்டிய இடத்தில் புல் முளைக்காது. மான் முதல் யானை வரை மேய்ச்சல் இழக்கும். காட்டுக்குள்ளேயே வளரும் குப்பை என்று அதைச் சொல்லலாம். பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் மாதேஸ்வரன் மலையில் இதே செடியை வைத்துக் கைவினை மையம் ஒன்றைத் தொடங்கியது. மூங்கில் வேலை தெரிந்தவர்களும், காட்டை நம்பி வாழும் சோளகர்களும் அதில் சேர்ந்தார்கள். தண்டை வெட்டி, பெரிய கலனில் வேகவைத்து, தோலை உரித்து, சூடு ஆறுவதற்குள் வளைத்தால் பிரம்புக்கு இணையான பொருள் கிடைக்கிறது. பூச்சி எளிதில் அரிக்காது. நாற்காலி, கூடை, பொம்மை எல்லாம் அதில் பிறந்தன. மூங்கில் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்த காலத்தில், யாரும் சொந்தம் கொண்டாடாத ஒரு செடி கூலியாக மாறியது.

அதே செடி பிறகு யானையாகவும் மாறியது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகங்களைச் சேர்ந்த கைவினைஞர்கள், உண்மையில் அந்தக் காடுகளில் திரியும் யானைகளைப் பார்த்து அதே அளவில் உண்ணிச்செடித் தண்டுகளால் யானைகளைக் கட்டினார்கள். 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ன் தொடக்கத்தில் பெங்களூரு லால்பாகில் ஒரு யானைக் கூட்டம் நின்றது. அதே ஆண்டு 100 யானைகள் அமெரிக்கா போய், ரோட் தீவின் நியூபோர்ட்டில் தொடங்கி நியூயார்க், மயாமி என்று நகர்ந்தன. விற்ற பணத்தில் ஒரு பங்கு மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான பணிகளுக்குப் போகிறது. இந்த வேலை எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்றால், பொருளும் உருவமும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. யானையின் மேய்ச்சலைத் தின்ற செடி யானையின் உடம்பாகியிருக்கிறது. செய்தவர்கள் அந்த யானைகளோடு காட்டைப் பங்கிட்டு வாழ்பவர்கள். அவர்களுக்குக் கூலி கிடைத்திருக்கிறது. பொருளை வேறு எந்தக் கடையும் கேட்கவில்லை. நான் சொன்ன அளவுகோலில் எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் இது தேறுகிறது.

இங்கே ஒரு பலமான மறுப்பு வரும். இத்தனை யானை செய்தும் காட்டில் உண்ணிச்செடி குறைந்ததா? இல்லை. வெட்டிய தண்டு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. அதை ஒழிக்க வேரோடு பெயர்த்து, அந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லையும் மரத்தையும் வளர்த்து, ஆண்டுக்கணக்கில் காவல் காக்க வேண்டும். அதேபோல, ஒரு பெரிய சுவரோவியத்துக்கு 10,000 சோடா மூடி பிடித்தாலும் அது 20 கிலோ இரும்புதான்; ஒரே ஒரு சந்தைநாள் வியாபாரம் அதைத் திரும்ப நிரப்பிவிடும். எடைக்கணக்கில் கழிவுக் கலை தோற்றுத்தான் போகும், இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். இந்த ஒப்புதலிலிருந்துதான் என் வாதம் வலுப்பெறுகிறது. எடையைக் குறைக்க முடியாத கலை, விலையுள்ள பொருளை எடுத்துக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை. அதனால் முடிவது வேறொன்று: மதிப்பற்றது என்று எல்லோரும் கடந்துபோகும் பொருளை நின்று பார்க்க வைப்பது, அந்தப் பார்வையிலிருந்து ஒருவருக்குக் கூலி பிறக்கச் செய்வது. அது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. உண்ணிச்செடி பற்றி எத்தனையோ ஆய்வறிக்கைகள் வந்திருக்கின்றன. அவற்றை வாசிக்காதவர்களும் அந்த யானைகளின் முன்னால் நின்று, இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள்.

சண்டிகரில் நேக் சந்த் செய்ததும் இந்த வழியில்தான். லெ கார்புசியே திட்டமிட்ட அந்தப் புதிய நகரத்துக்காகப் பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டன. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல் அந்த இடிபாடுகளையும் நகரம் எறிந்த உடைந்த பீங்கானையும் வளையல் துண்டுகளையும் சேர்த்து, கட்டடம் எழுப்பவே கூடாத ஒரு காட்டுப் பகுதியில் யாருக்கும் தெரியாமல் ஓர் உலகத்தைக் கட்டினார். அதிகாரிகளுக்குத் தெரிந்தபோது இடித்துவிடுவார்கள் என்ற நிலைமை. ஆனால் 1976-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் எடுத்த பொருள்களைக் கவனியுங்கள். உடைந்த பீங்கானைத் திரும்ப உருக்க முடியாது. உடைந்த செங்கல்லையும் காரைத் துண்டையும் பள்ளம் நிரப்பத்தான் கேட்பார்கள். அவர் கை வைத்ததில் பெரும்பகுதி சந்தை கைவிட்ட பொருள். அந்தத் தோட்டம் இன்றும் நகரத்தின் பெருமையாக நிற்பதற்கு அவருடைய கற்பனை முதல் காரணம் என்றால், யாருடைய பிழைப்பையும் எடுத்துக்கொள்ளாத அந்தப் பொருள் தேர்வு இரண்டாவது காரணம்.

என் அளவுகோலைச் சோதிக்கும் ஒரு பெரிய கலைஞரும் இருக்கிறார், அவரைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. 1944-ல் கானாவில் பிறந்து, நைஜீரியாவின் இன்சுக்கா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த எல் அனட்சுயி. மதுபாட்டில்களின் அலுமினிய மூடியையும் கழுத்து வளையத்தையும் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் தைத்து, சுவரளவு விரிப்புகளாக்குகிறார். 2015-ல் வெனிஸ் பியென்னாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தை அளித்தது. 2023-ல் லண்டன் டேட் மாடர்னின் பெரிய கூடம் அவருக்குத் திறந்தது. அலுமினியம் விலைபோகும் உலோகமாயிற்றே, என் விதிப்படி இது தவறல்லவா? என் பதில் இது. அந்த மூடிகளுக்கு அவர் கொடுத்தது உலோக விலை எட்டாத உயரத்தில் இருக்கும் ஓர் அர்த்தம். மது ஐரோப்பியர்களோடு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்த சரக்கு, அடிமை வணிகத்தோடு பின்னிப் பிணைந்தது. மூடியில் அச்சான பெயர்களை உருக்கிவிட்டால் அந்த நினைவும் போய்விடும். மூடி மூடியாகவே இருந்தால்தான் அவர் சொல்ல வந்தது நிற்கும். இன்னொன்று, அவர் பசை தொடுவதில்லை. எல்லாம் கம்பித் தையல். மடிக்கலாம், ஒவ்வொரு சுவரிலும் வேறு மாதிரித் தொங்கவிடலாம், வேண்டுமென்றால் பிரிக்கவும் பிரிக்கலாம். ஆக, விலையுள்ள பொருளைத் தொடுகிறவர் இரண்டு கடமைகளை ஏற்கிறார்: அந்தப் பொருள் இல்லாவிட்டால் சொல்லவே முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும், திரும்பிப் போகும் வழியை அடைக்காமல் வைக்க வேண்டும். பூங்காவில் ஒட்டிய மூடி மயில் இந்த இரண்டில் எதைச் செய்கிறது?

திரும்பிப் போகும் வழி என்ற சிந்தனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அய்யனார் கோயில்களில் வேளார்கள் செய்து வைக்கும் சுடுமண் குதிரைகளைப் பாருங்கள். நேர்த்திக்கடனாக வருகின்றன, மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன, பழையது சிதையச் சிதையப் புதியது வருகிறது. சிதைந்ததை யாரும் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போக வேண்டியதில்லை. அந்த இடத்திலேயே மண்ணோடு கிடக்கிறது. கலைப்பொருளுக்கு ஆயுள் உண்டு, அது முடிந்தபின் போக ஓர் இடமும் உண்டு என்பது அந்த மரபிலேயே அடங்கியிருக்கிறது. உண்ணிச்செடி யானை பழசானால் மக்கும். கம்பியில் கோத்த சோடா மூடி பழசானால், கம்பியை அவிழ்த்து, காந்தம் வைத்து இழுத்து, 10,000 மூடியை மொத்தமாக 20 கிலோ இரும்பாகக் கடையில் போடலாம். ஒன்றொன்றாகக் கிடந்தபோது கடை வாங்காததைக் கலை ஒன்றுசேர்த்துக் கொடுத்தது என்று ஆகிவிடும். பசை வைத்து ஒட்டிய பிளாஸ்டிக்குக்குத்தான் போக்கிடம் கிடையாது. ஒரு சிற்பத்தை நிறுவும் நாளிலேயே அதைக் கழற்றும் நாளைப் பற்றியும் பேச வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு மறுப்பு அரசியல் சார்ந்தது, அதை நான் பெரிதும் மதிக்கிறேன். பாட்டிலையும் மூடியையும் விற்று லாபம் பார்ப்பவர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க, மக்கள் குனிந்து பொறுக்கிக் கலை செய்து மகிழ வேண்டுமா என்று கேட்கிறார்கள். கேள்வி சரியானது. தீர்வு எங்கே பிறக்கிறது என்பதற்கு நீலகிரி சாட்சி. காட்டில் உடைந்து கிடக்கும் மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்ததை முன்னிட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில், 2022 மே மாதம் அங்கே காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதல். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் கைக்கு வரும். பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பியது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. எந்தச் சிற்பமும் இதைச் சாதித்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல், 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பானப் பாட்டில்களில் மூடி பாட்டிலைவிட்டுப் பிரியாமல் இணைந்தே இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் கோலி சோடாவில் அதைவிடப் பழைய தீர்வு இருக்கிறது: அடைப்பே பாட்டிலுக்குள் வாழும் கோலி, தெருவில் விழ மூடி என்று ஒன்று கிடையாது, பாட்டிலும் கடைக்கே திரும்பும். எனவே சட்டமும் வடிவமைப்பும்தான் முதல் தீர்வு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீலகிரியின் அந்த 10 ரூபாய் பாட்டிலுக்கு உரியது, மூடிக்கு அல்ல. சட்டத்தின் கை படாமல் உதிரும் இப்படிப்பட்ட துணுக்குகள்தான் கலைக்கு விட்ட பங்கு. குளிர்பான நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் மூடிக் கண்காட்சியை ஏற்பதற்கு முன்னால், மூடியைத் திரும்பப் பெற அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று கேட்பது கலைஞரின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட.

குழந்தைகள் ஆசையாகச் செய்வதற்குக்கூட இத்தனை விதியா என்று கேட்பவர்களுக்கும் பதில் வேண்டும். குழந்தைகள் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் ஆளுக்கு 50 மூடி கொண்டு வரச் சொன்னால், அவற்றைச் சேர்ப்பதற்காகவே வீட்டில் புதுப் பாட்டில் திறக்கப்படும். பள்ளி கற்றுத்தர நினைத்தது ஒன்று, குழந்தை கற்றுக்கொண்டது வேறொன்று என்றாகிவிடும். அதற்குப் பதிலாகத் தெருவில் கிடப்பதைக் கையுறை போட்டுச் சேர்த்து, காந்தம் வைத்துப் பிரித்து, எது கடைக்குப் போகும், எது போகாது என்று காயலான் கடைக்காரரிடமே கேட்டுவிட்டு, போகாததில் பொம்மை செய்தால் அந்த ஒரே வேலையில் உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருளாதாரமும் கலையும் பாடமாகும். விதி கற்பனையைக் கட்டிப்போடும் என்ற பயமும் வேண்டாம். சந்தம் கவிதையைக் கெடுத்ததில்லை.

பாலாற்றில் இது எப்படி நடக்கலாம் என்று என் யோசனையைச் சொல்கிறேன். எல்லைச் சோதனைச் சாவடியில் எப்படியும் வண்டிகள் நிற்கின்றன. அங்கே பாட்டிலுக்கு ஒரு தொட்டி, இரும்பு மூடிக்கு ஒரு தொட்டி வைக்கலாம். பாட்டில் நேரே கடைக்குப் போகட்டும்; பிளாஸ்டிக் மூடி அதன் தலையிலேயே இருக்கட்டும். இரும்பு மூடியை மலையில் ஏற்கெனவே உண்ணிச்செடியில் வேலை செய்யும் கைகளிடம் கொடுக்கலாம். தண்டுகளால் கட்டிய எலும்புக்கூட்டில் மூடிகளைக் கம்பியால் கோத்து, பாலாற்றின் ஆற்றோர உயிர்களைச் செய்து, இரண்டு மாநில வனத்துறைகளும் சேர்ந்து சாலையோரம் நிறுத்தலாம். செய்கிறவர்களுக்குக் கைவினைஞருக்குரிய கூலி கொடுக்க வேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் இலவசமாக வாங்கக் கூடாது. எந்தப் பொருள், எத்தனை கிலோ, எப்போது கழற்றப்படும் என்று தமிழிலும் கன்னடத்திலும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். இதெல்லாம் நடந்தாலும் சாலையோரக் குப்பை தீர்ந்துவிடாது. பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தால்தான் தீரும். அதை அரசுகளிடம் கேட்டுக்கொண்டே இருப்போம். கலைஞர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்பது ஒன்றே ஒன்று: அடுத்த முறை கழிவுப் பொருளைக் கையில் எடுக்கும் முன் பக்கத்துக் காயலான் கடைக்கு ஒரு நடை போய், இதை வாங்குவீர்களா என்று கேளுங்கள். வாங்குவேன் என்று அவர் சொன்னால் அங்கேயே கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று அவர் தள்ளிவைப்பதிலிருந்து உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.